பீட்டில்ஸ்: மூட்டுவாய் தெரியும் சங்கீதம்

1

ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் கேள்வி பெரியது என்று அர்த்தமில்லை. பதிலுக்கான வார்த்தைகள் என்னிடம் இல்லாமலிருந்தன என்றுதான் அர்த்தம்.

1980 டிசம்பர். சங்கரன்கோவிலில் ஒரு டீக்கடை. டிசம்பர் 8-ம் தேதி இரவு நியூயார்க்கில் ஜான் லெனன் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி பேப்பரில் வந்திருந்தது. உள்பக்கத்தில் கொஞ்சமாக. படித்துவிட்டு அழுதேன். எதிரே நண்பன். விசைத்தறித் தொழிற்சங்கத்தில் இருந்தவன். என்னைவிட அதிகம் படித்தவன். சிறுபத்திரிகை என்ற ஒன்று உண்டு என்பதையே எனக்குக் காட்டியவன்.

"போன மாசம் நம்ம தெருவுல ஒருத்தனுக்குத் தறியில கை போச்சே, அதுக்கு அழுதியால?" என்றான்.

அழவில்லைதான். பேசாமலிருந்தேன்.

"பாதி வரி ஒனக்குப் புரியாது. அவன் ஊரு எங்க, நம்ம ஊரு எங்க? அந்தப் பாட்டுல ஒனக்கு என்னதாம்ல இருக்கு?"

இரண்டு கேள்விகள். முதலாவது அறம் சார்ந்தது. அழுகையைத் தராசில் வைத்து நிறுக்கிற காரியம் என்று அன்று அதைத் தள்ளிவிட நினைத்தேன். இன்று அப்படித் தள்ள முடியவில்லை. தூரத்தில் செத்தவனுக்கு அழுவது சுலபம், அதனால் செலவொன்றும் இல்லை என்று அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அதை ஒப்புக்கொண்டு மேலே போகிறேன். இரண்டாவது கேள்வி ரசனை சார்ந்தது. இந்தக் கட்டுரை அதற்கான பதில்.

நான்கு பேர்: லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். லிவர்ப்பூல் என்ற துறைமுக ஊர்க்காரர்கள். 1962 அக்டோபரில் முதல் இசைத்தட்டு, 1970-ல் பிரிவு. எட்டே வருஷம். அவர்களுடைய புகழ், தலைமயிர், பெண்களின் கூச்சல் பற்றியெல்லாம் எழுதப்பட்டவை ஒரு நூலகம் கொள்ளும். அவற்றுக்கும் நான் சொல்ல வருவதற்கும் சம்பந்தமில்லை. என் காதில் என்ன விழுந்தது என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

2

அப்பா மைக்செட் கடை வைத்திருந்தார். நாலு கூம்புக் குழாய், இரண்டு ஆம்ப்ளிஃபையர், ஒரு ஸ்பூல் டேப் ரிகார்டர், தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள், கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் வாடகைக்குப் போகிற சீரியல் பல்புகள். ஆடித்தபசு பன்னிரண்டு நாளும் கடையில் ஆள் இருக்காது. மரத்திலும் மாடியிலும் குழாய் கட்டிவிட்டு எல்லோரும் கோயில் வாசலில் கிடப்போம்.

'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் வருகிற அந்தத் தட்டு 1962-ல் வந்தது. எங்கள் பக்கத்தில் அது தேயாத வீடு இல்லை. அருணாசலம் 1964-ல் காலமாகிவிட்டார். நான் அவரைக் கேட்டதெல்லாம் தட்டில்தான். அப்பா நேரில் கேட்டவர். நான் அந்தத் தட்டில் லயித்து நிற்கும்போதெல்லாம் அவர் ஒன்றையே திருப்பிச் சொல்வார்: "தட்டுல இருக்கது அவரு நெழலு." நாகஸ்வரம் தெருவில் நடந்து வருகிற வாத்தியம். அது நெருங்கும், திரும்பும், கோபுரத்தில் மோதி மீளும், கூட்டத்துக்குள் அமுங்கி மறுபடி எழும். மைக்ரோபோனுக்கு முன் நிறுத்தி அதைப் பதிந்தால் கிடைப்பது நிழல்தான். நல்ல நிழல், ஆனாலும் நிழல். ரிகார்டு என்றால் எங்கோ நடந்த ஒன்றின் சாட்சியம் என்ற எண்ணம் எனக்கு இப்படித்தான் படிந்தது.

1978-ல் பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தபோது விடுதியில் ஒரு மாணவனிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த காஸெட் ஒன்று இருந்தது. 1967-ல் வெளியான 'சார்ஜெண்ட் பெப்பர்' தொகுப்பு. இரண்டு டேப் ரிகார்டர்களை எதிரெதிரே வைத்து அதற்கொரு பிரதி எடுத்தேன். விடுதியின் சாப்பாட்டு மணியும் அதில் சேர்ந்து பதிந்துவிட்டது. முதலில் பிடிக்கவில்லை. சர்க்கஸ், பாண்டு வாத்தியம், சிரிப்பு, கோழி கூவுவது எல்லாம் ஒரே சந்தைக்கூச்சலாகப்பட்டது. ஆங்கிலம் பாதிக்கு மேல் புரியவில்லை. பிடித்தது என்பதைவிட, விடவில்லை என்பதே சரி.

விடுமுறையில் கடையில் அதைப் போட்டேன். கூம்புக் குழாயில் அடிக்குரல் வராது. தகரம் மேல்குரலை மட்டும்தான் கத்தும். அப்பாவிடம் சினிமாக் கொட்டகையில் கழித்துவிட்ட மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதில் போட்டபோதுதான் மக்கார்ட்னியின் பேஸ் கிடாரை முதன்முதலாகக் கேட்டேன். சாலிடரிங் வைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்து, "கீழ ஒருத்தன் தனியா ஒரு பாட்டுப் பாடிட்டே போறானே" என்றார்.

மக்கார்ட்னி பற்றி நான் படித்த விமர்சனங்களில் இதைவிடத் துல்லியமான வாக்கியம் இல்லை. வழக்கமாக அந்த வாத்தியம் தாளத்துக்கும் ஸ்வரக்கூட்டுக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும். இவர் அதைப் பாட வைத்தார். அந்தத் தொகுப்பில் பல பாட்டுகளுக்கு மற்ற எல்லாவற்றையும் பதிந்து முடித்துவிட்டு, கடைசியாகத் தனித் தடத்தில் பேஸை வாசித்திருக்கிறார் என்று பிற்பாடு படித்தேன். கட்டடம் எழும்பிய பிறகு அஸ்திவாரம் போடுகிற காரியம். ஆகவேதான் அது மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதோடு பேசியும் முரண்டும் நடக்கிறது. அதே காலத்தில் இளையராஜாவின் பாட்டுகளிலும் கீழே ஒருத்தன் தனியாகப் பாடிக்கொண்டு போவதைத் தமிழ்நாடே கேட்க ஆரம்பித்திருந்தது. கேட்டோம், மயங்கினோம். அது என்ன என்று ஒருவரும் எழுதவில்லை. இசை பற்றித் தமிழில் எழுதுவதென்றால் சபாக் கச்சேரியின் நிரவல் களைகட்டியது என்பார்கள். இல்லாவிட்டால் திரைப்பாட்டின் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு கவிதை என்பார்கள். சப்தத்தைப் பற்றி எழுத வார்த்தை கிடையாது. மைக்செட்காரருக்கு இருந்த காது எழுதுகிறவர்களுக்கு இல்லை.

3

அவர்களுடைய முதல் தொகுப்பின் பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவானது. பத்துப் பாட்டுகள். கடைசிப் பாட்டுக்கு வரும்போது ஜலதோஷத்தில் கிடந்த லெனனின் தொண்டை கிழிந்தே போயிருந்தது. அந்தக் கிழிசல் அப்படியே தட்டில் இருக்கிறது. இது கச்சேரியின் நிழல். அப்பா சொன்ன அர்த்தத்தில் ரிகார்டு.

'சார்ஜெண்ட் பெப்பர்' பதிவாக ஏறத்தாழ ஐந்து மாதம் பிடித்தது. நடுவில் ஒன்று நடந்தது. 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு முன் வாசித்தார்கள். மேடையில் நூறு வாட் ஆம்ப்ளிஃபையர்கள். மற்றபடி மைதானத்தில் அறிவிப்புச் சொல்வதற்காக இருந்த குழாய்கள். தபசுக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டிப் பழகிய எவனும் இதைக் கேட்டால் சிரிப்பான். ஜனங்கள் போட்ட கூச்சலில் அவர்களுக்கே அவர்கள் வாசித்தது கேட்கவில்லை. 1966 ஆகஸ்ட் 29-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைசிக் கட்டணக் கச்சேரி. அதன்பின் 1969 ஜனவரியில் லண்டனில் தங்கள் அலுவலக மொட்டைமாடியில் வாசித்ததைத் தவிர ஜனங்களுக்கு முன்னால் அவர்கள் நிற்கவில்லை.

கச்சேரியை விட்டது களைப்பினால் மட்டுமில்லை. மேடையில் வாசிக்க முடியாத சங்கீதத்தை அதற்கு முன்பே செய்யத் தொடங்கியிருந்தார்கள். 1966 ஏப்ரலில் பதிவான 'டுமாரோ நெவர் நோஸ்' ஓர் உதாரணம். காந்தநாடாவை வெட்டி வளையமாக ஒட்டி, ஸ்டூடியோ கட்டடத்தின் வெவ்வேறு அறைகளிலிருந்த மெஷின்களில் ஓடவிட்டு, நாடா தளராமல் இருக்க ஆட்கள் பென்சிலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லெனனின் குரலைச் சுழலும் ஒலிபெருக்கிக்குள் விட்டு மறுபடி பதிந்தார்கள். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போது இருபது வயது. அதே வருஷம் வந்த 'ரெயின்' பாட்டின் தாளவாத்தியங்களை வேகமாக வாசித்துப் பதிந்து, பிறகு நாடாவைத் தணித்து ஓட்டினார்கள். பாட்டரி இறங்கின டேப் ரிகார்டரில் சுசீலாவின் குரல் ஆண்குரலாகிவிடும் அவஸ்தை எங்கள் கடையில் தினப்படி விஷயம். எங்களுக்கு விபத்து, அவர்களுக்கு வண்ணம். தணிந்து ஓடியதால் ரிங்கோவின் டிரம் ஈரமேறிய தோல் மாதிரிக் கனத்துக் கேட்கிறது.

ரிங்கோவைப் பற்றி ஒரு வார்த்தை. ரசிகர்கள்கூட அவரைக் கடைசியில்தான் வைப்பார்கள். இடதுகைக்காரர்; வலதுகைக்காரனுக்கு அடுக்கிய டிரம்களை வாசித்தார். ஆகவே ஒரு டிரம்மிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற அவருடைய பாதை யாரும் எதிர்பார்க்காத பாதை. தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அவரிடம் கணக்கு குறைவு என்று படும். சரிதான். ஆனால் பாடகனின் வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும் பேசிவிட்டு மற்ற நேரம் அவனைச் சுமந்துகொண்டு போகிற குணம் நல்ல தவில்காரர்களுக்கும் உண்டு. அது கணக்கைவிட அரிது.

இப்போது நண்பனின் கேள்விக்கு முதல் பதில். அவன் ஊர் எங்கே, நம் ஊர் எங்கே? 1966-க்குப் பிறகு அந்தப் பாட்டுகளுக்கு ஊர் கிடையாது. அவை எந்த மேடையிலும் நிகழவில்லை. காந்தநாடாவில் மட்டுமே நிகழ்ந்தன. நேரில் கேட்ட லண்டன்காரன் என்று ஒருவன் இல்லை. லண்டன்காரனும் சங்கரன்கோவில்காரனும் ஸ்பீக்கருக்கு முன்னால் சம தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அவனுடைய ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் என்பதுதான் வித்தியாசம். காருகுறிச்சியின் தட்டு முன்னால் நான் பின்னால் பிறந்தவன், நிழலைக் கேட்கிறவன். பீட்டில்ஸ் தட்டு முன்னால் நான் எவனுக்கும் பின்னால் இல்லை. ஒரு சின்ன ஊர்க்காரனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெரிய ஊர்க்காரர்களுக்குப் புரியாது.

4

இங்கே ஒரு கூட்டத்தாரிடமிருந்து விலகி நிற்க வேண்டியிருக்கிறது. பீட்டில்ஸ் என்றதும், "நம்ம சிதாரை வாசித்தார்களே, நம்ம ரிஷிகேசத்துக்கு வந்தார்களே" என்று பெருமை பேசுகிறவர்கள். வெள்ளைக்காரன் மெச்சினால்தான் நம் வீட்டுச் சரக்குக்கு மதிப்பு என்று நினைக்கிற தாழ்ச்சி இதில் இருக்கிறது. நண்பன் சொன்ன அடிமைப்புத்திக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

உண்மையில் நடந்தது என்ன? 1965-ல் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் ஹாரிசன் வாசித்த சிதார் சட்டையில் குத்திய பூ, அவ்வளவே. ராகம் கிடையாது. கிடாரில் வாசிக்க வேண்டியதைச் சிதாரில் வாசித்திருக்கிறார். அவரைப் பற்றிய மரியாதை எனக்கு அதனால் வரவில்லை. பூவாகத் தொடங்கியதை அவர் அத்தோடு விடாமல் 1966-ல் ரவிசங்கரிடம் சிஷ்யனாகப் போய் உட்கார்ந்ததில்தான் வந்தது. உலகமே காலில் விழுந்துகொண்டிருந்தபோது ஆரம்பப் பாடத்துக்கு உட்காருவது சாமான்யமில்லை. 'வித்தின் யூ வித்தவுட் யூ' (1967) அந்த உழைப்பின் பலன். 1968 ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவில் நம் வாத்தியக்காரர்களை வைத்துப் பதிந்ததிலிருந்து 'தி இன்னர் லைட்' வந்தது. தன்னால் ஒருபோதும் பெரிய சிதார் வித்வானாக முடியாது என்று தெரிந்ததும் கிடாருக்குத் திரும்பினார். அந்த நேர்மையும் சேர்த்தே கணக்கு.

1974-ல் ஹாரிசன் அமெரிக்காவில் செய்த பயணத்தில் ரவிசங்கரின் குழுவும் முழுசாகச் சேர்ந்து போனது. அதில் லட்சுமி சங்கர் பாடினார். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த எல். சுப்பிரமணியம் வயலின். சென்னையிலிருந்து போன டி.வி. கோபாலகிருஷ்ணன் மிருதங்கம். பீட்டில் ஒருவரைப் பார்க்க டிக்கெட் வாங்கிய கூட்டம் இவர்களையும் கேட்க வேண்டியிருந்தது, பொறுமையில்லாமல்தான் கேட்டது. தன் கச்சேரியின் பாதியைத் தன் குருவுக்குக் கொடுத்த அந்த மனிதரை 'இந்தியப் பித்து' என்ற ஒரு சொல்லால் கடந்துவிட முடியாது.

ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. 1968-ல் ரிஷிகேசத்தில் தங்கியிருந்தபோது எழுதிய பாட்டுகள்தான் அந்த வருஷக் கடைசியில் வந்த வெள்ளை அட்டைத் தொகுப்பில் பெரும்பாலும் இருக்கின்றன. அதில் சிதார் கிடையாது. இந்தியாவுக்கு வெளியே இருந்தபோது இந்திய வாத்தியம். இந்தியாவில் வைத்து எழுதினபோது வெறும் கிடார். 'தாக்கம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம் விமர்சகர்கள் போடுகிற கணக்குகள் இங்கே நொறுங்கிப்போகின்றன.

என் காதுக்குப் பட்ட உறவு வேறு இடத்தில் இருக்கிறது. 'டுமாரோ நெவர் நோஸ்' ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தின்மேல் நிற்கிற பாட்டு. மேற்கத்தியப் பாட்டு நடந்துகொண்டே இருக்கும். ஸ்வரக்கூட்டு மாறிக்கொண்டே இருக்கும். இது நடக்க மறுக்கிறது. அடியில் தம்பூரா. முதல் தடவை கேட்டபோது எனக்கு நினைவு வந்தது சிதார் இல்லை, ஒத்து. மேளத்தில் யாரும் பெயர் கேட்காத ஒருவன் ஓரமாக நின்று கன்னம் உப்ப ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருப்பான். இன்று அந்த ஆளுக்குப் பதில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. அந்த ஒரு ஸ்வரத்தின் மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், அது தாங்கும் என்பது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதை 1966-ல் லண்டனில் நாலு பையன்கள் தாங்களாகக் கண்டுபிடித்து, அதன்மேல் வெட்டி ஒட்டிய நாடாவை ஏற்றிப் பார்த்தார்கள். அவர்கள் நம்மிடமிருந்து எடுத்தார்கள் என்பதில் எனக்கு அக்கறையில்லை. நமக்குப் பழக்கத்தால் செவிடாகிப்போன ஒன்றை எனக்குத் திரும்பக் கேட்கவைத்தார்கள். அடுத்த தபசில் நான் நாகஸ்வரத்தை விட்டுவிட்டு ஒத்துக்காரன் பக்கத்திலேயே நடந்தேன்.

5

ரசிகர்களிடையே ஒரு பழைய சண்டை உண்டு. லெனனா, மக்கார்ட்னியா? லெனன் கசப்பு, மக்கார்ட்னி இனிப்பு. லெனன் கவிஞன், மக்கார்ட்னி மெட்டுக்காரன். இரண்டு பேர் பெயரும் சேர்த்தே பாட்டுகளில் போட்டிருக்கும், ஆனால் இது யாருடையது, அது யாருடையது என்று பிரித்து வைத்துக்கொண்டு கட்சி கட்டுவார்கள்.

சங்கரன்கோவில்காரனுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள், சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று அடித்துக்கொண்டதில்தான் எங்கள் ஸ்தலபுராணமே தொடங்குகிறது. கோமதியம்மன் தபசிருந்தாள், இரண்டும் ஒன்றாகிய கோலம் தெரிந்தது. சுவாமி சந்நிதிக்கும் அம்மன் சந்நிதிக்கும் நடுவே சங்கரநாராயணர் நிற்கிறார். ஒரு பாதி சடை, மறு பாதி கிரீடம். பக்தி என்ற அளவில் நான் பெரிய ஆளில்லை. சிறுவயதிலிருந்து அந்த மூர்த்தத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குள் தங்கிய விஷயம் ஒன்றுதான்: அங்கே இரண்டும் கலக்கவில்லை. பால்போல் நீர்போல் கலந்து மூன்றாவதாக ஒன்று ஆகிவிடவில்லை. இது இதுவாகவும் அது அதுவாகவும் நிற்கின்றன. நடுவே கோடு தெரிகிறது. உடம்பு மட்டும் ஒன்று.

'எ டே இன் த லைஃப்' பாட்டை இந்தக் கண்ணோடுதான் நான் கேட்டேன். 'சார்ஜெண்ட் பெப்பர்' தொகுப்பின் கடைசிப் பாட்டு. 1967 ஜனவரி, பிப்ரவரியில் பதிவானது. லெனனிடம் ஒரு பாட்டு இருந்தது. செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு, எதிலும் ஒட்டாமல், தூக்கத்தில் பேசுகிறவனைப் போலப் பாடுகிற பாட்டு. மக்கார்ட்னியிடம் முடிக்காத ஒரு துண்டு இருந்தது. காலையில் எழுந்து அரக்கப்பரக்க வேலைக்கு ஓடுகிற ஒரு சாதாரணன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நடுவே என்ன வரும் என்று தெரியாமலேயே இருபத்துநாலு தாள வட்டம் காலியாக விட்டுப் பதிந்தார்கள். ஒரு உதவியாளர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்துநாலு முடிந்ததும் தெரிவதற்காக அலாரக் கடிகாரம் ஒன்று வைத்திருந்தார்கள்.

அந்தக் காலியிடத்தை ஜார்ஜ் மார்ட்டின் நாற்பது பேர் வாத்தியக் குழுவைக் கொண்டு நிரப்பினார். பிப்ரவரி 10-ம் தேதி. கட்டளை இதுதான்: உங்கள் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தில் தொடங்கி, இருபத்துநாலு வட்டத்துக்குள் உச்சத்துக்குப் போய்ச் சேருங்கள், பக்கத்தில் இருப்பவன் எப்படிப் போகிறான் என்று கவனிக்காதீர்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவனோடு ஒத்துப்போகப் பயின்ற வித்வான்களிடம் ஒத்துப்போகாதே என்றார்கள். விளைவு, அடிவானத்திலிருந்து எழுந்து தலைக்குமேல் நிற்கிற ஓர் இரைச்சல். உச்சத்தில் அறுந்து விழுகிறது. கடிகாரம் அடிக்கிறது. வேலைக்குறிப்புக்காக வைத்த மணி பாட்டிலேயே தங்கிவிட்டது. மக்கார்ட்னியின் ஆள் எழுந்திருக்கிறான்.

கைதேர்ந்த இசையமைப்பாளன் என்ன செய்திருப்பான்? ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது தெரியாமல் வழுக்கிக்கொண்டு போக ஒரு பாலம் கட்டியிருப்பான். மூட்டுவாய் தெரியாமல் தைப்பதுதான் தொழில்திறன் என்று நமக்கெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே மூட்டுவாயே பாட்டின் மையம். ஒருவனுடைய உலகம் இன்னொருவனுடையதாக இயல்பாக மாறிவிடாது. நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் ஆழத்தைக் காட்டாமல் கடந்தால் அது பொய். இதை அவர்கள் தத்துவமாகச் சொல்லவில்லை. சப்தமாகச் செய்தார்கள். லெனனும் மக்கார்ட்னியும் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளாமல் ஒரே உடம்பில் நின்ற கோலம் இதுதான். மூன்று வருஷத்துக்குள் அந்தக் கோடு விரிந்து உடம்பு இரண்டாகிவிட்டது. அதன்பின் தனித்தனியே அவர்கள் செய்தவற்றில் நல்லவை உண்டு, நடுக்கோடு இல்லை.

கடைசியில் ஒரு ஸ்வரக்கூட்டு. பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்து, ஓசை தேயத் தேயப் பதிவாளர் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். நாற்பது விநாடிக்கு மேல் அது தேய்கிறது. சப்தம் முடிந்த பிறகு அறை கேட்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மனிதர்கள் கேட்கிறார்கள். என் காஸெட்டில் சரியாக அந்த இடத்தில் விடுதியின் சாப்பாட்டு மணி. பல வருஷம் கழித்துச் சுத்தமான பதிவில் கேட்டபோது அந்த மணி இல்லாமல் எனக்குப் பாட்டு குறைந்துபோயிருந்தது.

6

எல்லாவற்றையும் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. குப்பையும் இருக்கிறது. மக்கார்ட்னியின் மிட்டாய்கள் பல. லெனனிடம் வெறும் எரிச்சலைப் பாட்டாக்கிவிட்ட இடங்கள் உண்டு. ஹாரிசனின் 'டாக்ஸ்மேன்' பாட்டைக் கிடாருக்காகக் கேட்கலாம். பெரும் வருமானத்துக்கு 95 சதம் வரி போடுகிறார்களே என்ற பணக்காரனின் புலம்பலுக்கு அனுதாபப்பட என்னால் முடியவில்லை. நண்பன் இந்த ஒரு பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு அடித்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க முடியாது. பாட்டின் வரிகளைக் கவிதை என்று தனியே எடுத்து அச்சடிப்பதும் வீண். குரலிலிருந்து பிடுங்கினால் பெரும்பாலும் அவை வாடிவிடும்.

2023 நவம்பரில் 'நௌ அண்ட் தென்' வந்தது. லெனன் 1970-களின் கடைசியில் வீட்டில் பியானோவோடு காஸெட்டில் பாடி வைத்தது. 1995-ல் மற்ற மூவரும் அதை முடிக்கப் பார்த்து, பதிவிலிருந்த இரைச்சலால் விட்டுவிட்டார்கள். ஹாரிசன் 2001-ல் காலமானார். பிறகு கம்ப்யூட்டருக்குக் குரலையும் பியானோவையும் தனித்தனியே பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1995-ல் ஹாரிசன் வாசித்த கிடாரையும் சேர்த்துப் பாட்டை முடித்துவிட்டார்கள். கேட்டேன். லெனனின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் தெளிவு. கண் கலங்கியது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் விமர்சகன் கண்ணீரைச் சான்றாக வைக்கக்கூடாது. இறந்தவர்களும் இருப்பவர்களும் ஒரே அறையில் வாசிப்பதுபோல் மூட்டுவாய் மறைத்துத் தைத்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து வருஷப் பள்ளம் தெரியவில்லை. அந்தப் பள்ளத்தைக் காட்டுகிற துணிச்சல் 1967-ல் அவர்களிடம் இருந்தது.

என்னிடம் அப்பாவின் குரல் ஒரு காஸெட்டில் இருக்கிறது. ஏதோ ஒரு தபசில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறார். பச்சைச் சட்டை போட்ட குழந்தை ஒன்று மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறது, பெற்றோர் வந்து கூட்டிக்கொண்டு போகவும். பின்னால் ஜெனரேட்டர், மேளம், கூட்டம். என் மருமகன் அதே மாதிரியான ஒரு மென்பொருளில் போட்டு இரைச்சலை எடுத்துக் கொடுத்தான். சுத்தமாக இருந்தது. யாரோ ஒரு மனிதர் காலி அறையில் நின்றுகொண்டு குழந்தையைத் தேடச் சொல்வதுபோல் இருந்தது. அப்பா அந்தக் கூட்டத்தோடுதான் அப்பா. பழைய காஸெட்டையே வைத்துக்கொண்டேன்.

போன ஆடியில் நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான். அந்த டீக்கடைக்குப் பின் சில வருஷம் நாங்கள் பேசாமலிருந்தோம், அதெல்லாம் பழங்கதை. நாலு பத்தாண்டுக்கு அப்புறம் முதன்முறையாக, "அந்தப் பாட்டைத்தான் போடேன்" என்றான். நல்ல ஸ்பீக்கரில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இரைச்சல் ஏறும்போது முகத்தைச் சுளித்தான். முடிந்ததும் கொஞ்சநேரம் பேசவில்லை.

"எரச்சல்தான்" என்றான். "ஆனா நடுவுல மணி அடிச்சதும் ஒருத்தன் அலறியடிச்சு எந்திரிக்கான் பாரு, மூச்சு வாங்குது பாரு, அவன் ஷிஃப்டுக்குப் போறவன்ல."

வார்த்தை ஒன்றும் புரியாத பாட்டில் அவனுக்கு அது இருந்தது.